அதட்டினால் அடங்காது

ஐயா,
ஆட்டிசமும் மிகைத் துறுதுறுப்பும் உள்ள குழந்தைகள் ஓயாமல் எழுப்பும் ஒலிகளைக் 'கண்டித்து நிறுத்தலாம்' என்ற தங்கள் நாளிதழ்க் கட்டுரை வருத்தமளித்தது. முனகலும் கீச்சிடலும் அடம் அல்ல. பதற்றத்தையும் சுற்றுப்புற இரைச்சலையும் சமாளிக்க அக்குழந்தைக்குக் கிடைத்த வழி. வலிந்து அடக்கினால், அது கையைக் கடிப்பதாக மாறுவதையே கண்டு வருகிறோம்.

ஒலி எழும் நேரம், இடம், சற்றுமுன் நடந்தது ஆகியவற்றை இரண்டு வாரம் குறித்து வைத்தால், மிக்சி ஓடும்போதா, பசிக்கும்போதா என்பது புலப்படும். திடீரெனப் புதிய ஒலி தொடங்கினால் முதலில் காதையும் பல்லையும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். வலியைச் சொல்லத் தெரியாத குழந்தை அப்படித்தான் சொல்லும். மெல்லுவதற்கான சிலிகான் குழாய், சோப்புக் குமிழி ஊதுதல் சிலருக்குக் கைகொடுக்கும். பெற்றோர் சிறிது நேரம் காதடைப்பான் அணிவதும் தவறில்லை. இத்தகைய குறிப்புகளைப் பேச்சுப் பயிற்சியாளர்களிடம் கேட்டு வாரந்தோறும் வெளியிட வேண்டுகிறேன்.