மூப்பர்களின் குறிப்பேடு

ஆசிரியர் அவர்களுக்கு,

அமெரிக்கச் சிற்றூர்களின் பிரஸ்பிட்டேரியன் (புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவத்தின் ஒரு பிரிவு) தேவாலயங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் போதகர்களின் பெயர்ப் பட்டியல், அடிக்கல் நாட்டிய ஆண்டு, மணிக்கூண்டு ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு இது பெரிய குறையாகப் படுகிறது.

இந்தச் சபைகளை மேலிருந்து ஆளும் பேராயர் கிடையாது. சபையார் தேர்ந்தெடுத்த மூப்பர்களும் போதகரும் சேர்ந்த ‘செஷன்’ என்ற குழுவே நிர்வாகத்தைப் பார்க்கிறது. அந்தக் குழு கட்டாயம் குறிப்பேடு எழுத வேண்டும். வட்டார மன்றமான பிரஸ்பிட்டரி அதை வாங்கிச் சரிபார்க்கும். 19ஆம் நூற்றாண்டுக் குறிப்பேடுகளைத் திறந்தால் ஊரே தெரியும். புதிதாகச் சேர்ந்தவர் யார், ஞானஸ்நானம் யாருக்கு, குடித்ததற்காகவோ அண்டை வீட்டாரோடு சண்டை போட்டதற்காகவோ யாரை அழைத்து விசாரித்தார்கள் என்பதெல்லாம் அங்கே கிடைக்கும். போதகர் வருவார், போவார். மூப்பர்கள் அந்த ஊர்க்காரர்கள்.

தேசத்தின் சண்டைகளும் அந்தக் குறிப்பேடுகளில் உண்டு. 1837இல் மரபை இறுகப் பற்றிய பழைய அணி, மாற்றத்தை ஏற்ற புதிய அணி என்று திருச்சபை உடைந்தது. 1861இல் உள்நாட்டுப் போர் அதை வடக்கு, தெற்காகப் பிரித்தது. அந்தப் பிரிவு தீர 1983 வரை ஆனது!

இப்போது பல சிறிய சபைகள் மூடப்படுகின்றன. கட்டடத்துக்கு விலை பேசும் அவசரத்தில் இந்த ஏடுகள் குப்பைக்குப் போய்விடக் கூடாது. 1852இல் தொடங்கப்பட்ட பிரஸ்பிட்டேரியன் வரலாற்றுச் சங்கம் பிலடெல்பியாவில் இப்படிப்பட்ட ஆவணங்களைப் பாதுகாத்து வருகிறது. சாவியை ஒப்படைக்கும் முன் ஏடுகளை அங்கே அனுப்பிவிட வேண்டும்.

- ஒரு வாசகர்