பொடியன்கள் மேல் பழி போடாதே

கீழக்கரை,
நவம்பர் கடைசி, 2025

அன்பு மச்சான் சாகுலுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். வீட்டில் எல்லாரும் நலம். வாடைக்காற்றும் மழையும் சேர்ந்து ஜெட்டிப் பக்கம் தலைகாட்ட விடவில்லை. பார்சிலோனா-செல்சி ஆட்டத்தைப் பயலுக டீக்கடைக்குள் நெருக்கியடித்துப் பார்த்தார்கள். உனக்கு நள்ளிரவு 12 மணி, இங்கே ஒன்றரை. பார்சிலோனா 3-0 என்று தோற்றதும் கிளம்பிய சண்டை பஜ்ரு பாங்கு வரைக்கும் ஓயவில்லை. போன கடிதத்தில் நீ எழுதியிருந்ததையேதான் பாதிப் பேர் சொன்னார்கள்: மேனேஜர் ஃபிளிக் பொடியன்களை நம்பிக் கெட்டார், பார்சிலோனாவுக்கு வயசான ஆட்களை வாங்கிப் போடணும். அன்றைக்கு செல்சிக்கு கோல் அடித்த எஸ்தேவாவுக்கும் 18 வயதுதான் என்பதை ஒருத்தரும் பேசவில்லை.

எனக்கு இதில் உன்னோடு ஒத்துப்போக முடியவில்லை, மச்சான். பின்வரிசையைக் கொஞ்சம் உற்றுப் பார்.

ஃபிளிக்கின் ஆட்டம் முழுக்க அந்த ஒரு கோட்டை நம்பியது. நாலு டிஃபண்டர்களும் நடுக்கோட்டுக்குப் பத்துப் பதினைந்து மீட்டர் பின்னால், ஒரே கயிறு பிடித்த மாதிரி நிற்பார்கள். எதிராளி பந்தைப் பின்னால் தட்டினாலோ, முதுகைத் திருப்பினாலோ, தலையைக் குனிந்தாலோ நாலு பேரும் சேர்ந்து முன்னே ஏறணும். அவன் தலை நிமிர்ந்து, எதிரே தடுக்க ஆளில்லாமல் நின்றால் சேர்ந்து பின்னே ஓடணும். யோசிக்க ஒரு வினாடிகூடக் கிடையாது. ஒருத்தன் மட்டும் ஓரடி பிந்தினால் எதிரணி முழுக்க ஆன்சைடு, தடையில்லாமல் கோலுக்கு ஓடலாம். 2024 அக்டோபரில் ரியல் மாட்ரிட்டை அவர்களுடைய பெர்னபேயூ மைதானத்திலேயே 4-0 அடித்தபோது அவர்கள் 12 தடவை ஆஃப்சைடில் விழுந்தார்கள், அதாவது பந்து கிளம்பும்போதே கோட்டைத் தாண்டி நின்றார்கள். எம்பாப்பே மட்டும் 8 தடவை. அன்றைக்கு பார்சிலோனா டிஃபண்டர் குபார்சிக்கு வயது 17. பக்கத்தில் நின்று கையைக் காட்டி, கத்தி, கோட்டை ஏற்றி இறக்கியவர் 33 வயது இன்யிகோ மார்டினெஸ்.

அவர் இந்த ஆகஸ்டில் சவூதிக்கு, அல் நாசருக்குப் போய்விட்டார். அந்த இடத்துக்கென்று யாரையும் வாங்கவில்லை. அதே குபார்சி, அதே கோடு, சத்தம் கொடுக்க ஆளில்லை. அக்டோபரில் செவில்லாவிடம் 4-1 தோல்வி. இந்த மாதம் பிரூஜில் 3-3, அதுவும் பிரூஜ்காரர்கள் கோட்டுக்குப் பின்னால் திறந்து கிடந்த இடத்தில் ஓடி ஓடி அடித்தார்கள். பாய்மர வள்ளத்தில் ஆறு பேரும் இளந்தாரியாக இருக்கலாம். காற்று திரும்புவதைப் பார்த்துச் சொல்ல மண்டாடி வேணும்.

இன்னொன்றையும் கவனி. இந்தக் கோட்டை முறிக்கிற வழி எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. முன்னால் நிற்கிற ஸ்ட்ரைக்கர் வேண்டுமென்றே ஆஃப்சைடில் நின்றுகொள்வான், பந்தைத் தொட மாட்டான். டிஃபண்டர்கள் அவனையே பார்த்திருக்கும்போது நடுவிலிருந்து ஒருத்தன் பிந்திக் கிளம்பி ஓடுவான். பந்து கிளம்பும்போது அவன் கோட்டுக்கு இந்தப் பக்கம், அதனால் கொடி ஏறாது. இதைத் தடுக்க ஒரே வழி, பந்து வைத்திருப்பவனை நிமிர விடாமல் முன்வரிசை நெருக்குவது. அதைத் தொடங்கி வைப்பவர் விங்கர் ரஃபீன்யா. அவர் செப்டம்பர் கடைசியில் தொடைத் தசை காயத்தோடு உட்கார்ந்தவர், இந்த மாதக் கடைசியில்தான் மாற்று ஆளாகத் திரும்பினார். ஆக, இடையில் கோட்டுக்குக் குரல் கொடுத்தவரும் இல்லை, நெருக்கத் தொடங்குபவரும் இல்லை. அணிக்கு முதுகெலும்பாக இருந்த இரண்டு பெரியவர்கள் இல்லாத நேரத்தில் பொடியன்களைத் திட்டி என்ன பண்ண?

நீ சொன்னதில் நியாயமே இல்லை என்று சொல்லவில்லை. மே 6 இன்டர் மிலானோடு சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி ஆட்டம் ஞாபகம் இருக்கும். பார்சிலோனா 3-2 முன்னிலை, 90 நிமிஷம் முடிந்து காயநேரம் ஓடிக்கொண்டிருக்கிறது. யமாலிடம் பந்து. பழகிய ஆள் கார்னர் கொடிக்கு ஓட்டிக்கொண்டு போய், உடம்பால் மறைத்து, ஒரு த்ரோவோ ஃபவுலோ வாங்கி நேரத்தைத் தின்றிருப்பான். 17 வயது யமால் கோலுக்கு அடித்தான், போஸ்டில் பட்டது. அடுத்த தாக்குதலில் இன்டரின் 37 வயது அசெர்பி கோல் போட்டுவிட்டார். முன்னிலையைக் காப்பது பொடியன்களுக்குக் கடைசியாக வருகிற பாடம். அதை மேனேஜர் 85-ம் நிமிஷத்தில் ஆளை மாற்றித்தான் சமாளிக்கணும்.

மூத்தவர்கள் என்றாலே சரியாகிவிடும் என்றும் இல்லை. 2008 பிப்ரவரியில் மேனேஜர் வெங்கரின் ஆர்சனல் இங்கிலாந்து லீகில் 5 புள்ளி முன்னிலையில் இருந்தது. பர்மிங்காமில் எடுவார்டோவின் கால் முறிந்தது. கடைசி நிமிஷ பெனால்டியில் ஆட்டம் 2-2. 30 வயது கேப்டன் கல்லாஸ் மைதானத்திலேயே உட்கார்ந்துவிட்டார். தேற்ற வேண்டியவரே அப்படி உட்கார்ந்தால் 20 வயது ஃபேப்ரிகாஸ் என்ன செய்வான்? லீகில் ஆர்சனலுக்குக் கடைசியில் மூன்றாமிடம். 1995-96-இல் மான்செஸ்டர் யுனைடெட் மேனேஜர் ஃபெர்குசன் இன்ஸ், ஹ்யூஸ், கான்செல்ஸ்கிஸ் மூன்று பேரையும் விற்றுவிட்டு பெக்கம், ஸ்கோல்ஸ், நெவில்களை இறக்கி லீகும் எஃப்.ஏ. கப்பும் வென்றதை எல்லாரும் சொல்வார்கள். ஆனால் ஷ்மைக்கல், புரூஸ், பாலிஸ்டர், கீன் நடுவில் நின்றதையும், அக்டோபரில் கேன்டோனா தடை முடிந்து திரும்பியதையும் சேர்த்துச் சொல்லணும். 1995-இல் ஐரோப்பிய இறுதி ஆட்டத்தில் அயாக்ஸின் கோலை அடித்தது 18 வயது க்ளைவர்ட்; பந்து கொடுத்தது 32 வயது ரைக்கார்ட்.

எனக்கு உண்மையிலேயே கவலை தருவது பொடியன்களின் உடம்புதான். பார்சிலோனாவின் பெட்ரி 2020-21-இல் கிளப்புக்கும் ஸ்பெயினுக்கும், ஒலிம்பிக்ஸையும் சேர்த்து, 70 ஆட்டத்துக்கு மேல் ஆடினான். அதன் பிறகு தொடைத் தசை திரும்பத் திரும்பக் கிழிந்தது. அன்சு ஃபாத்தியை முழங்கால் முடக்கியது. யமாலும் 18 வயது முடியும் முன்பே கிளப்புக்கு 100 ஆட்டம் தாண்டி, இப்போது இடுப்பெலும்பு வலியோடு ஆடுகிறான். நன்றாக ஆடுகிற பையனை வெளியே உட்கார வைக்க எந்த மேனேஜருக்கும் மனசு வராது. கேட்க வேண்டிய கேள்வி அங்கேதான் இருக்கிறது.

நம் ஊர் செவன்ஸ் (ஏழு பேர் ஆடும்) டீமுக்கு நீ பணம் அனுப்புவதாகச் சொன்னாயே, அதையும் இந்தக் கணக்கில்தான் செய்யணும். கோல்கீப்பரும் அவனுக்கு முன்னால் நிற்பவனும் 25 தாண்டியவர்கள். 17 வயதுப் பயல்கள் இரண்டு பேர் விங்கில். எதிராளி களைத்த பிறகு, இரண்டாம் பாதியில் இறக்குவோம். முன்னிலையில் இருந்தால் கடைசி ஐந்து நிமிஷம் வெளியே எடுத்துவிடணும். ஒரே நாளில் இரண்டு ஆட்டம் கூடவே கூடாது. காலையில் கடற்கரை மணலில் ஓட்டம், சாயங்காலம் கட்டாந்தரையில் ஆட்டம் என்று ஓட்டுகிறார்கள், குதிகால் நரம்பு தாங்காது. பதின்மூன்று, பதினான்கு வயசுக்காரனுக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு புடைத்து வலிக்கிறது என்றால் அது வளர்கிற வயசில் வருவது. தைலம் தேய்த்து இறக்காமல், வலி அடங்கும் வரை ஓட்டத்தையும் குதிப்பதையும் குறைத்தே ஆகணும்.

பணத்தோடு கோல்கீப்பர் கையுறை இரண்டு ஜோடி அனுப்பு, 9-ம் அளவு. இங்கே கிடைப்பது ஒரு மாதத்தில் உள்ளங்கை உரிந்துவிடுகிறது.

வஸ்ஸலாம்.

உன்,
நைனா