துண்டு பிழியும் மகனுக்கு

அன்பு மகனுக்கு,

அவ்வளவு பெயர் பெற்ற சலூனில் சேர்ந்தும் துண்டு பிழிவதும் தரை கூட்டுவதுமாகவே நாள் போகிறது என்று எழுதியிருந்தாய். அம்மாவுக்கு வருத்தம். எனக்கு இல்லை, ராசா.

வெந்நீர்த் துண்டு முகத்தில் இரண்டு மூன்று நிமிடமாவது இருந்தால்தான் தாடி மயிர் தண்ணீரைக் குடித்து இளகும். இளகாத மயிரில் கத்தி வைத்தால் இழுக்கும், தோல் எரியும். துண்டைச் சொட்டாமல் பிழி. உன் முன்கையின் உட்பக்கத்தில் வைத்துச் சூடு பார், அப்புறம் அவர் முகத்துக்குக் கொண்டு போ. மூக்குக்கு வழி விட்டுச் சுற்று. அடுத்து நுரை. பிரஷ்ஷை வட்டமாகச் சுழற்றினால் படுத்திருக்கும் மயிர் எழுந்து நிற்கும். கத்தியை ஏறக்குறைய 30 டிகிரி சாய்த்து, மறு கையால் தோலை இழுத்துப் பிடித்து, முதல் தடவை மயிர் வளர்ந்த போக்கிலேயே வர வேண்டும். கழுத்தில் அந்தப் போக்கு ஆளுக்கு ஆள் மாறும். கண்ணை நம்பாதே, விரலால் தடவிப் பார். நானும் இன்றுவரை அப்படித்தான் செய்கிறேன்.

நீ கற்கும் தொழில் சின்னதில்லை, தம்பி. இங்கிலாந்தில் எட்டாம் ஹென்றி காலத்தில், 1540-ல், சவரம் செய்பவர்களையும் அறுவை வைத்தியர்களையும் ஒரே சங்கமாகச் சேர்த்தார்கள். 1745-ல்தான் வைத்தியர்கள் பிரிந்து போனார்கள். அந்த ஊர்ச் சலூன் வாசலில் சுழலும் கம்பத்தின் சிவப்பும் வெள்ளையும் இரத்தமும் கட்டுத்துணியும் என்று சொல்வது அதனால்தான். 1795-ல் தலைக்குப் பூசும் பவுடருக்கு அங்கே ஆண்டுக்கு ஒரு கினி, அதாவது அந்த நாட்டுப் பழைய தங்கக் காசு ஒன்று, வரி வந்தது. பவுடரும் பொய்முடியும் வழக்கொழிய அது ஒரு பெரிய காரணம். சொந்த முடியை நேர்த்தியாக வெட்டிவிடும் கைக்கு மவுசு வந்தது. லண்டனில் ட்ரூஃபிட் அண்ட் ஹில் தொடங்கியது 1805-ல். உலகின் மிகப் பழைய சலூன் என்று கின்னஸில் இடம்பெற்ற கடை அது. அதே லண்டனில் கர்சன் தெருவில் இருக்கும் ட்ரம்பர் சலூன் 1875-ல் வந்தது. மரத்தடுப்பு வைத்த தனித்தனி அறைகள் அங்கே உண்டு.

அப்புறம் அமெரிக்காவில் ஜில்லெட் வந்தார், பிளேடு மாற்றி வீட்டிலேயே மழித்துக்கொள்ளும் ரேசரோடு. 1901-ல் கம்பெனி, 1904-ல் காப்புரிமை. முதல் உலகப் போரில் அமெரிக்கச் சிப்பாய்களுக்கு அந்த ரேசரையே கொடுத்தார்கள். தானே மழித்துப் பழகிவிட்டவன் தினமும் கடைக்கு வருவானா? எத்தனையோ கடைகளுக்கு அன்றாடச் சவர வரும்படி போயிற்று. இவ்வளவுக்குப் பிறகும் உன் கடை போன்றவை நிற்கின்றன என்றால், வீட்டுக் கண்ணாடி முன்னால் தனக்குத்தானே செய்துகொள்ள முடியாத ஒன்றை அவை கொடுப்பதால்தான். மர வேலைப்பாடும் தோல் நாற்காலியும் எனக்கும் பிடிக்கும், ஆனால் காசு இருந்தால் யாரும் வாங்கிப் போடலாம். கண்ணை மூடிக்கொண்டு, கழுத்தை நீட்டி, ஒருவர் நம்மிடம் தன்னை ஒப்படைக்கிறாரே, அதற்குத் தகுந்த கையைப் பழகித்தான் பெற வேண்டும்.

இப்போது ஆளுக்கு ஒரு புது பிளேடு மாட்டுகிறார்கள் என்று எழுதினாய். ரொம்பச் சரி. பழமை என்று சொல்லிச் சுத்தத்தில் யாரும் விட்டுக்கொடுக்கக் கூடாது.

உங்கள் கடையில் மூத்தவர் ஒருவர் இருக்கிறார் என்றாயே, அவர் மேலுதட்டை மழிக்கும்போது பக்கத்தில் நின்று கவனி. மூக்கு நுனியை எந்த விரலால் தூக்குகிறார், கத்தியை எப்படித் திருப்புகிறார் என்று பார்த்து எனக்கு எழுது.

அன்புடன்,
அப்பா