வினாப்படிவத்துடன் விளக்கமும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஜெர்மனியில் 2011இல் நிறுத்திவைக்கப்பட்ட கட்டாய இராணுவ சேவை மீண்டும் வரக்கூடும் என்ற தங்கள் செய்தியை, 2008இல் பிறந்த மகனின் தாயாகக் கவலையுடன் வாசித்தேன். சேர்வது அவரவர் விருப்பம் என்று அரசு கூறினாலும், 2008 முதல் பிறந்த ஆண்கள், இராணுவத்தில் சேர விருப்பமா என்று கேட்கும் வினாப்படிவத்தை நிரப்பியே ஆகவேண்டும் என்பதும், ஆட்கள் போதாவிட்டால் நாடாளுமன்றம் கட்டாய சேவையைக் கொண்டுவரலாம் என்பதும் இளையோரை அச்சுறுத்துகின்றன. போருக்குத் தப்பி வந்தவர்கள் நாங்கள், அந்த வினாப்படிவம் பற்றி வந்த கடிதத்தைச் சாப்பாட்டு மேசையில் விரித்துவைத்து, "அம்மா, ஓம் எண்டு போட்டால் கூட்டிக்கொண்டு போயிடுவினமோ?" என்று மகன் கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. மனச்சாட்சிக்கு மாறாக ஆயுதமேந்த எவரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்னும், ஜெர்மனியின் அரசியலமைப்பான அடிப்படைச் சட்டத்தின் 4ஆம் உறுப்புரையையும், மறுப்புக்கு விண்ணப்பிக்கும் முறையையும், பெற்றோர் வாசிக்கும் மொழிகளில் அக்கடிதத்துடனேயே அரசு இணைத்து அனுப்ப வேண்டும்.

ஒரு தாய்,
டோர்ட்முண்ட், ஜெர்மனி