வடிகால் முகத்து நாணல் படுகைக்கு நன்கொடை வேண்டுகோள்

அம்மன் துணை

ஊராருக்கும் வெளியூர்ப் பிள்ளைகளுக்கும் கமிட்டியின் வணக்கம்.

ஐப்பசி மழைக்கு ஐந்து வாரம்தான் இருக்கிறது. வடிகால் கடலில் சேரும் இடத்தில், தண்ணீரைச் சுத்தம் செய்து அனுப்ப நாணல் படுகை போடத் தொடங்கிய வேலை பாதியில் நிற்கிறது. குறைவது ரூ.2,25,000.

நம் அம்மன் கோயில் யார் தயவிலும் எழும்பியதல்ல. பாட்டன்மார் மீன் விற்ற காசைப் பங்கு பிரிக்கும் முன்பே, ஊர்ப் பொதுவுக்கான மகமையை எடுத்து வைத்துக் கட்டினார்கள். 2018-இல் கஜா புயல் அடித்தபோது கூரை போன வீட்டுக்காரரும் மகமையை நிறுத்தவில்லை. அந்த மகமையைக் கொடுத்தது இந்தக் கரையோரக் கடல்தான்.

இன்று இடுப்பளவுத் தண்ணீரில் கடலடியில் புல்லாக முளைக்கும் கடல்தாழை ஒன்றைப் பிடுங்கிப் பாருங்கள். இலை முழுக்க வழவழவென்று பாசி. விரலால் வழித்தால் உள்ளே இலை பழுப்பாகக் கிடக்கிறது. வெயில் படாமல் செத்தது அது. 45 கிலோ யூரியா மூட்டையில் 20 கிலோவுக்கு மேல் நைட்ரஜன். அதில் பாதியைக்கூட நெல் எடுப்பதில்லை. மீதியில் ஒரு பங்கு முதல் மழையோடு வடிகாலில் வருகிறது. கூடவே இறால் குட்டைக் கழிவும், நம் வீட்டுச் சாக்கடையும். (வயல்காரரை மட்டும் குறை சொல்வது சுலபம்.) பாக் விரிகுடா ஆழமில்லாத கடல், வந்தது அங்கேயே தேங்கும். பாசி கொழுக்கும், பிறகு அழுகும், தண்ணீரில் பிராணவாயு குறையும். விடியற்காலையில் மீன் மேலே வந்து வாயைத் திறப்பது அதனால்தான். தாழை போனால் நண்டுக்குஞ்சுக்கும் இறால்குஞ்சுக்கும் ஒண்ட இடமில்லை, கடல்பசுவுக்குத் தீனியில்லை. இந்த விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரை 2022-இல் கடல்பசுக் காப்பகமாக அரசு அறிவித்தது. அறிவிப்பு பாசியை வழித்து எடுக்காது.

நாணலும் கோரையும் நைட்ரஜனை உறிஞ்சும். வேரடிச் சேற்றுக் கிருமிகள் மிச்சத்தைக் காற்றாக்கி விடும். வெள்ளம் முழுவதையும் தடுக்க முடியாது. முதல் மழைத் தண்ணீரையாவது நிறுத்தி அனுப்பலாம்.

வண்டல் தொட்டி 2,80,000. சரளை, நாணல் 1,60,000. ஜேசிபி வாடகை 1,20,000. மதகு 80,000. ஆக 6,40,000. வந்தது 4,15,000.

கருவாடு விற்ற காசில் 40,000 கொடுத்த மகளிர் குழுவுக்குக் கமிட்டி கடமைப்பட்டிருக்கிறது. கேட்காமலே அனுப்பிய சிங்கப்பூர், துபாய் பிள்ளைகளுக்கும், "எங்க வயல் தண்ணிதானே வருது" என்று இரண்டு லோடு சரளை இறக்கிய மேலூர் விவசாயிகளுக்கும், கூலி வாங்காமல் தொட்டிக்குக் குழி வெட்டிய இளைஞர்களுக்கும் அம்மன் குறை வைக்க மாட்டாள்.

ஒன்று சொல்லாமல் முடியவில்லை. போன திருவிழாக் கச்சேரிக்கு ஒன்றரை லட்சம் ஒரே ராத்திரியில் சேர்ந்தது. இதற்கு நான்கு மாதமாக வாசல் வாசலாக ஏறுகிறோம். பேர் எழுதிப் பணம் தராதவர்கள் பதினேழு பேர். நோட்டு கமிட்டியிடம்தான் இருக்கிறது, வாசிக்க வைக்காதீர்கள்.

வரும் ஞாயிறு காலை ஏலம் முடிந்ததும் ஏலக்கொட்டகையில் பணம் வாங்கப்படும். கையோடு ரசீது உண்டு. பணம் இல்லாதவர்கள் நாணல் நட ஒரு நாள் வந்தாலும் வரவாகவே எழுதிக்கொள்வோம்.

இப்படிக்கு,
ஊர்க் கமிட்டியார்