ஸ்டாரை ஏற்றிவிட்ட அண்ணனுக்கு

சின்ன ஊர். எங்கள் கிறிஸ்துமஸ் என்றால் ஒரு காகித ஸ்டாரும் மண் பொம்மைக் குடிலும்தான். அந்த வருஷம் டிசம்பர் 24 சாயங்காலம் ஸ்டாரின் ஒரு முனை கருகி ஓட்டையாகிவிட்டது. வாசலில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன்.

சைக்கிளில் போன நீங்கள் கூப்பிடாமலே இறங்கினீர்கள். "60 வாட்ஸ் குண்டு பல்பு இப்படிச் சூட்டைக் கக்கினா காகிதம் என்னடா பண்ணும்?" என்று சிரித்தீர்கள். என் நோட்டு அட்டையைக் கிழித்து ஒட்டி, கட்டைவிரலால் நீவி, வாயால் ஊதிக் காயவைத்தீர்கள். பையிலிருந்து ஒரு ஜீரோ வாட்ஸ் பல்பை எடுத்து மாட்டினீர்கள். (எலக்ட்ரீஷியனோ?) பெயர் கேட்கத் தோன்றவில்லை எனக்கு.

இன்று வீடெங்கும் சீரியல் லைட். கண்ணில் நிற்பதோ ஒட்டுப்போட்ட அந்த முனைதான். அண்ணா, இது உங்கள் கண்ணில் பட்டால், ரொம்ப நன்றி. ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாள் வரை அந்த ஸ்டார் எரிந்தது.