சேலத்தில் ஒரு கார்பன் அச்சுக்கூடம்: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

எழுபது, எண்பதுகளில் எடுத்த கலர் கல்யாண ஆல்பம் வீட்டில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். புடவையின் பச்சை போய், பல படங்கள் செம்மை படிந்து கிடக்கும். அவற்றுக்கு நிறம் தந்தது சாயம்; சாயம் நாளாக ஆக வெளிறும். கரித்தூள் வெளிறாது. கரித்தூளைக் கொண்டே படம் அச்சிடும் கார்பன் முறைக்கு சேலத்தில் ஒரு பொது அச்சுக்கூடம் அமைக்கிறோம்.

1855இல் பிரான்சின் புவாட்டவின் என்பவர் காப்புரிமை பெற்ற யோசனை இது. 1864இல் இங்கிலாந்தின் ஜோசப் ஸ்வான் செம்மைப்படுத்தினார். கரித்தூள் கலந்த ஜெலட்டின் என்ற பசையைத் தாளில் பூசி, பொட்டாசியம் டைக்ரோமேட் என்ற உப்பின் கரைசலில் நனைத்து, இருட்டில் காயவைக்க வேண்டும். நெகட்டிவை மேலே வைத்து வெயிலில் காட்டினால் ஒளி பட்ட இடம் இறுகும். அப்புறம் வேறொரு தாளில் ஒட்டி வெந்நீரில் அலசும்போது, இறுகாதது கரைந்தோட, படம் எழும்பி வரும். அடர்ந்த நிழல்கள் விரலுக்கே தட்டுப்படும். இந்த ஆழம் கம்ப்யூட்டர் பிரிண்ட்டில் வராது.

ஏற்காட்டிலேயே வைக்கலாமே என்று சிலர் கேட்டார்கள். குளிர்ச்சி சரிதான், ஆனால் மூடுபனியில் ஜெலட்டின் காயாது. சேலத்து வெயில் அச்சுக்கு நல்லது, சூடுதான் ஆகாது. டைக்ரோமேட்டில் நனைத்த தாள் சூட்டில் இருட்டிலேயே இறுகிக் கெட்டுவிடும். அதனால் ஒரு ஏ.சி. அறை கட்டாயம்.

டைக்ரோமேட் கொடிய நஞ்சு, புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. அலசிய நீர் ஒரு சொட்டுகூடத் திருமணிமுத்தாற்றில் கலக்க விடமாட்டோம். தனித்தொட்டியில் பிடித்து, சோடியம் மெட்டாபைசல்பைட் சேர்த்து நச்சைக் குறைத்து, அபாயக் கழிவாக முறைப்படி ஒப்படைக்கப்படும். முதல் செலவு இதற்குத்தான். பள்ளிப் பிள்ளைகள் கையில் டைக்ரோமேட்டே தரமாட்டோம். அவர்களுக்கு 1842இல் இங்கிலாந்தின் ஜான் ஹெர்ஷல் கண்ட நீல அச்சு (சயனோடைப்), இலைகளைத் தாள்மேல் வைத்து வெயிலில் காட்டி.

அறையை உறுப்பினர் ஒருவர் வாடகையில்லாமல் தந்திருக்கிறார். தொட்டி, ஏ.சி., மழைக்காலத்துக்கான புற ஊதா விளக்குப் பெட்டி, தாள், இரசாயனம் எல்லாம் சேர்த்து 2,40,000 ரூபாய் தேவை. நூறு ரூபாயானாலும் மகிழ்ச்சி. குழு உறுப்பினர் எவரிடமும் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். வரவு செலவு மாதாமாதம் அச்சுக்கூட வாசலில் ஒட்டப்படும்.

ஸ்டுடியோ நடத்திய குடும்பத்தாருக்கு ஒரு வார்த்தை. பரணில் உள்ள கண்ணாடி நெகட்டிவ்களை தயவுசெய்து எடைக்குப் போட்டுவிடாதீர்கள், துடைக்கவும் வேண்டாம். சொல்லி அனுப்பினால் நாங்களே வந்து பார்க்கிறோம்.

இப்படிக்கு,
அச்சுக்கூடக் குழுவினர், சேலம்